அமெரிக்கக் கிறிஸ்தவ ராக் இசைக்குழுவான பி.ஓ.டி. பெரிய லேபிளுக்கு (இசை வெளியீட்டு நிறுவனத்துக்கு) போய் வெளியிட்ட முதல் ஆல்பத்தில் கிறிஸ்தவம் நீர்த்துவிட்டதா?

இல்லை என்றுதான் சொல்வேன். ஆனால் அந்தச் சந்தேகம் நியாயமானது. 1999 ஆகஸ்டில் ‘தி ஃபண்டமென்டல் எலிமென்ட்ஸ் ஆஃப் சவுத்டவுன்’ என்ற அந்த ஆல்பம் வருவதற்கு முன், ‘ஸ்னஃப் த பங்க்’, ‘பிரவுன்’ ஆகிய ஆல்பங்களை வெளியிட்டது டிரம்மர் வவ் பெர்னார்டோவின் அப்பா நடத்திய ரெஸ்க்யூ ரெக்கார்ட்ஸ். குடும்பக் கம்பெனி மாதிரி. அங்கிருந்து அட்லாண்டிக் ரெக்கார்ட்ஸ் மாதிரி பெரிய லேபிளுக்குப் போனால், பழைய ரசிகர்கள் பயப்படத்தானே செய்வார்கள்?

பாடல்களைக் கேட்டால் அந்தப் பயம் போய்விடும். ஒரு பாட்டின் தலைப்பிலேயே பைபிளின் புனித நகரமான சீயோன் இருக்கிறது; அதைவிட வெளிப்படையாக என்ன வேண்டும்! அம்மா புற்றுநோயால் அவதிப்பட்ட காலத்தில் விசுவாசத்துக்கு வந்தவர் பாடகர் சன்னி சாண்டவால். பிரசங்கம் பண்ணாமலே அது அவர் குரலில் வந்துவிடுகிறது.

எனக்கு இந்த ஆல்பத்தில் பிடித்ததே அந்த ஊர் வாசனைதான். சான் டியேகோவின் தெற்கே, மெக்சிகோ எல்லைப் பக்கம் இவர்கள் வளர்ந்த பகுதிதான் சவுத்டவுன். ‘சவுத்டவுன்’ பாட்டில் அந்தத் தெருக்களின் வன்முறை அப்படியே இருக்கிறது. மார்கோஸ் கூரியெலின் கிட்டார் கனமாக இறங்கும். திடீரென்று ஜமைக்கா இசையான ரெகேயின் தாளம் நுழையும். அந்தக் காலத்து ராப்-ராக் கூட்டத்தில் இவர்களைத் தனியாகக் காட்டியது இந்த ரெகேதான் என்பது என் கருத்து. ‘ராக் த பார்ட்டி’ எம்டிவியில் சக்கைப்போடு போட்டது, ஆனால் எனக்கு அது கொஞ்சம் மெலிந்த பாட்டு. அயர்லாந்து ராக் குழு யூ2-வின் ‘புல்லட் த ப்ளூ ஸ்கை’யை மறுபடி பாடியதும் அவசியமில்லை. தயாரிப்பாளர் ஹோவர்ட் பென்சன் ஒலியைச் சுத்தப்படுத்தினாலும் முரட்டுத்தனத்தை விட்டுவைத்தார்.

வேடிக்கை என்னவென்றால், அட்டைப்படத்துக்கு ஆட்சேபம் வந்தது கிறிஸ்தவப் புத்தகக் கடைகளிலிருந்து! அவர்களுக்காகத் தனியாக மாற்றிய அட்டை போட்டார்கள். அதற்காக விற்பனை படுக்கவில்லை, அமெரிக்காவில் பத்து லட்சம் பிரதிகளுக்கான பிளாட்டினம் சான்று வாங்கியது. அப்புறம் ஓஸ்ஃபெஸ்ட் 2000 மேடையிலும் ஏறினார்கள். இருண்ட பாடல்களுக்குப் பேர்போன ஹெவி மெட்டல் குழு பிளாக் சாபத்தின் பாடகர் ஓஸி ஆஸ்போர்ன் பெயரில் நடந்த இசை விழாவில் ஏசுவைப் பாடுகிற குழு!

அடுத்து 2001-இல் வந்த ‘சேட்டிலைட்’தான் பலருக்குத் தெரியும். மெட்டு அதில் அதிகம், சரி. ஆனால் கேட்கத் தொடங்குவதாக இருந்தால் 1999 ஆல்பத்தையே முதலில் எடுங்கள்.