தம்பி சொல்வதில் பாதி உண்மை

கேள்வி: என் தம்பிக்கு 24 வயது. இரண்டு வருடமாக மனச்சிதைவு நோய்க்கு ஓலன்சபின் மாத்திரை சாப்பிடுகிறான். வேலை முடிந்ததும் கூட்டாளிகளோடு செம்பனைக் காட்டுப் பக்கம் போய்க் கஞ்சா அடிக்கிறான். கேட்டால், “இது மூலிகைதானே அக்கா, மண்டைக்குள்ள கேக்குற சத்தம் அடங்குது” என்கிறான். போன வாரம், டிவியில் செய்தி வாசிப்பவர் தன்னைத்தான் திட்டுகிறார் என்று பிளக்கைப் பிடுங்கிவிட்டான். மாத்திரையைக் கூட்டிக் கொடுக்கலாமா?
- ஓர் அக்கா, சுங்கை சிப்புட்

பதில்: சகோதரி, நீங்களாக ஒரு மாத்திரைகூடக் கூட்ட வேண்டாம். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

தம்பி பொய் சொல்லவில்லை. அடித்த கொஞ்ச நேரம் அவனுக்கு லேசாகத்தான் இருக்கும். கஞ்சா போய் உட்காரும் அதே இடத்தில் உட்காரும் ஒரு பொருளை நம் மூளையே சுரக்கிறது. 1992-இல் அதைக் கண்டுபிடித்தவர்கள், நம் ‘ஆனந்தம்’ என்ற சொல்லை எடுத்து ஆனந்தமைடு என்று பெயர் வைத்தார்கள். (பெயர் வைப்பதில் கெட்டிக்காரர்கள்!) மனச்சிதைவு தொடங்கிய, கஞ்சா அதிகம் தொடாதவர்களின் முதுகுத்தண்டு நீரில் இது வழக்கத்தைவிடக் கூடுதலாக இருந்ததை ஜெர்மனி ஆய்வாளர்கள் கண்டார்கள். கூடுதலாக இருந்தவர்களுக்கு நோயின் கடுமை குறைவு. மூளையே நோயைச் சமாளிக்கப் பார்க்கிறதோ என்பது அவர்கள் ஊகம். அடிக்கடி கஞ்சா புகைத்த நோயாளிகளிடம் அந்தக் கூடுதலைக் காணோம். கடைச் சோறு வந்ததும் வீட்டு அடுப்பு அணைந்த கதை.

அடுத்தது டோபமின், இதுவும் மூளை சுரக்கும் ஒரு பொருள்தான். மனச்சிதைவில் மூளையின் ஒரு பகுதியில் இது அளவுக்கு மீறிச் சுரக்கிறது. சம்பந்தமே இல்லாததும் தன்னைப் பற்றியது போலத் தோன்றுவது அதனால்தான். செய்தி வாசிப்பவர் திட்டியதும் அப்படித்தான். ஓலன்சபின் டோபமின் உட்காரும் இடத்தை மறிக்கிறது. கஞ்சாவில் போதை தரும் டிஎச்சி, டோபமினைக் கிளறிவிடுகிறது. மாத்திரை முன்வாசலைப் பூட்ட, கஞ்சா கொல்லைக் கதவைத் திறக்கிறது. மூலிகை என்கிறானா? ஊமத்தையும் மூலிகைதான், யாராவது கஷாயம் வைத்துக் குடிக்கிறோமா?

சரி, மாத்திரைக் கணக்குக்கு வருவோம். புகையில் இருக்கும் சில பொருள்கள் கல்லீரலில் ஓர் என்சைமை முடுக்கிவிடும். ஓலன்சபினையும், இதே நோய்க்குக் கொடுக்கும் இன்னொரு மருந்தான குளோசபினையும் உடைப்பது அதே என்சைம்தான். சிகரெட் தூளோடு சேர்த்துச் சுருட்டினால் கேட்கவே வேண்டாம். சாப்பிட்ட மருந்து ரத்தத்தில் குறைந்துபோகும். நீங்கள் கூட்டிக் கொடுத்து, அவன் திடீரென்று ஒரு நாள் புகையை விட்டான் என்று வையுங்கள். சில நாளில் மருந்து ஏறிவிடும். எழுப்பினாலும் எழும்பாத தூக்கம், தலைசுற்றல். குளோசபின் என்றால் வலிப்புகூட வரலாம்.

அடுத்த தேதி வரை காத்திருக்காமல் கிளினிக்குக்கு நீங்களும் கூடப் போங்கள். கஞ்சா எத்தனை, சிகரெட் எத்தனை என்பதை டாக்டரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். நிறுத்தப் போகிறான் என்றாலும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். முக்கியமாக, மாத்திரை சாப்பிட்டும் சத்தம் கேட்கிறது என்பதைச் சொல்லுங்கள். டாக்டருக்குத் தெரிய வேண்டிய அந்த விஷயத்தை, உங்கள் தம்பி கூட்டாளிகளிடம் மட்டும்தான் சொல்லிக்கொண்டிருப்பான் போலிருக்கிறது.

அதுவரை டிவி பிளக் கழற்றியபடியே இருக்கட்டும். சண்டை போட்டு மாட்ட வேண்டாம்.