ரிப்போர்ட்டில் இருக்கும் ‘சி’ எதைச் சொல்கிறது?

கேள்வி: எனக்கு 44 வயது. மாதவிலக்கு இன்னும் நிற்கவில்லை. அம்மாவின் அக்காவுக்கு 62 வயதில் மார்பகப் புற்றுநோய் வந்ததால், பயந்துபோய்ச் சென்ற மாதம் மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எடுத்துக்கொண்டேன். ரிப்போர்ட்டில் ‘பைராட்ஸ் 1, அடர்த்தி சி’ என்று இருக்கிறது. அடர்த்தி என்றால் கட்டியா? படத்தைக் கணினியில் கொடுத்தால் ஐந்து ஆண்டுகளுக்குள் புற்றுநோய் வருமா என்று சொல்லிவிடும் என்கிறான் பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகன். பிலிமை மொபைலில் படம்பிடித்து அனுப்பச் சொல்கிறான். அனுப்பலாமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: அடர்த்தி என்பது கட்டி அல்ல அம்மா, நோயும் அல்ல. ‘பைராட்ஸ் 1’ என்றால், இன்றைய படத்தில் சந்தேகப்படும்படி எதுவும் இல்லை என்று பொருள். முதலில் அதற்கு நிம்மதியாக ஒரு மூச்சு விடுங்கள்.

பச்சரிசியில் கல் பொறுக்கியிருப்பீர்கள். கறுப்புக் கல் உடனே கண்ணில் படும். வெள்ளைக் கல் பல்லில் கடிபடும்வரை தெரியாது. மேமோகிராமில் கொழுப்பு கறுப்பாக விழும். பால் சுரப்பிகளும் நார்த்திசுவும் வெள்ளையாக விழும். புற்றுநோய்க் கட்டியும் வெள்ளைதான். எனவே வெள்ளை அதிகமாக இருந்தால் சிறிய கட்டி அதற்குள் ஒளிந்துகொள்ளலாம். இந்த வெள்ளையின் அளவைத்தான் மிகக் குறைவான ‘ஏ’ முதல் மிக அதிகமான ‘டி’ வரை நான்கு எழுத்துகளில் குறிக்கிறோம். மேமோகிராம் எடுக்கும் பெண்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் ‘சி’ அல்லது ‘டி’. மாதவிலக்கு நிற்காத வயதில் ‘சி’ வருவது மிகச் சாதாரணம். நின்ற பிறகு பலருக்கு அடர்த்தி குறைந்துவிடும்.

ஒளித்துவைப்பது மட்டும் இல்லை, அடர்த்தியே ஓரளவு அபாயத்தையும் காட்டுகிறது. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் ஜான் வுல்ஃப் என்ற கதிரியக்க மருத்துவர் 1976இலேயே, மேமோகிராமில் தெரியும் திசு அமைப்பை வைத்துப் பின்னாளில் யாருக்குப் புற்றுநோய் வர வாய்ப்பு அதிகம் என்று வகை பிரித்தார். மிக அடர்த்தியான மார்பகம் உள்ளவர்களுக்கு, கொழுப்பே நிறைந்த மார்பகம் உள்ளவர்களைவிட நான்கு மடங்குக்கு மேல் அபாயம் என்று படித்துப் பலர் பதறுகிறார்கள். அது இரு கடைக்கோடிகளையும் ஒப்பிட்ட கணக்கு. நடுவில் இருக்கும் உங்களுக்கும் சராசரிப் பெண்ணுக்கும் உள்ள வேறுபாடு அதைவிட மிகச் சிறியது.

உங்கள் மகன் சொல்வதும் கதையல்ல. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ரெஜினா பார்சிலே குழுவினர் உருவாக்கிய ‘மிராய்’ என்ற மென்பொருள் 2021இல் வெளியானது. அவரே 2014இல் மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவர். மேமோகிராமின் நான்கு படங்களையும் பார்த்து, வெறும் அடர்த்தி மட்டுமல்லாமல் நம் கண்ணுக்குப் பிடிபடாத நுண்ணிய அமைப்புகளையும் சேர்த்து, அது ஐந்தாண்டு அபாயத்தைக் கணிக்கிறது. 2025இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதே வகையான வேறொரு மென்பொருளுக்கு அனுமதியும் கொடுத்தது.

ஆனால் ‘வருமா, வராதா’ என்று அது சொல்வதில்லை. பின்னாளில் நோய் வந்த ஒருத்தியின் படத்தையும் வராத ஒருத்தியின் படத்தையும் அருகருகே வைத்தால், நூற்றுக்கு 75 முதல் 85 முறை சரியானவருக்குக் கூடுதல் மதிப்பெண் போடும். பூவா தலையா போட்டாலே 50 முறை சரியாகிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். உங்களுக்கு ‘2 சதவீதம்’ என்று வந்தால், இதுபோன்ற படம் உள்ள 100 பேரில் இருவருக்கு வரலாம், 98 பேருக்கு வராது என்றுதான் அர்த்தம். அந்த இருவரில் நீங்கள் ஒருவரா என்பது இயந்திரத்துக்கும் தெரியாது. மேலும் மிராயைச் சோதித்துப் பார்த்த பெரிய ஆய்வு அமெரிக்கா, இஸ்ரேல், சுவீடன், தைவான், பிரேசில் மருத்துவமனைகளில் நடந்தது. இந்திய மருத்துவமனை எதுவும் அதில் இல்லை. நம் பெண்களுக்கு இந்த நோய் மேலைநாட்டினரைவிடச் சில ஆண்டுகள் முன்பே வருவதால், அங்கே பொருந்திய எண் இங்கே அப்படியே பொருந்தும் என்று நான் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

மொபைல் படம் வேண்டவே வேண்டாம். பிலிமைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்து எடுத்த படத்தில் அந்த நுண்ணிய அமைப்பு எதுவும் மிஞ்சாது. அதை வைத்து ஒரு எண் வந்தாலும் குப்பைதான். படம் எடுத்த இடத்திலேயே, படங்கள் பதிந்த குறுந்தகட்டை (சி.டி.) கேட்டு வாங்கி வையுங்கள். அடுத்த முறை ரேடியாலஜிஸ்ட் பழைய படத்தையும் புதிய படத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு ஈடு எதுவும் இல்லை. (பீரோவுக்கு மேல் சுருட்டிப் போட்ட பிலிம்கள் எத்தனை வீடுகளில் கரையானுக்குப் போயிருக்கின்றன!)

உங்களுக்கு நான் சொல்வது: மார்பக அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் ஒன்று சேர்த்து எடுத்துக்கொள்ளலாம், அடர்த்திக்குள் ஒளிந்திருக்கும் சில கட்டிகளை அது காட்டும். ஆபத்தில்லாத சில நிழல்களையும் காட்டித் தேவையற்ற ஊசிப் பரிசோதனைக்கும் இழுத்துவிடும் என்பதையும் தெரிந்துகொண்டே எடுங்கள். எம்.ஆர்.ஐ. இப்போது தேவையில்லை. நெதர்லாந்தில் நடந்த ஆய்வில் அது பயன் தந்தது மிக அடர்த்தியான, அதாவது ‘டி’ வகைப் பெண்களுக்கு. பெரியம்மாவுக்கு 62 வயதில் வந்தது உங்கள் அபாயத்தைச் சற்றே கூட்டும், அவ்வளவுதான். அம்மாவுக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ 50 வயதுக்குள் வந்திருந்தாலோ, குடும்பத்தில் சினைப்பைப் புற்றுநோய் இருந்தாலோ கணக்கே மாறும். அப்போது மரபணுப் பரிசோதனை பற்றிப் பேச வேண்டும். அப்படி யாரேனும் உண்டா என்று அம்மாவிடம் கேட்டு எழுதுங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண், கையில் தட்டுப்பட்ட கட்டியோடு ஆறு மாதம் பேசாமல் இருந்துவிட்டு வந்தார். “ரிப்போர்ட்டில் ஒன்றுமில்லை என்று போட்டிருந்தார்களே டாக்டர்” என்றார். ‘சி’ அடர்த்தி உள்ள நீங்கள் அப்படி இருந்துவிடக் கூடாது. புதிதாகக் கட்டி, தோலில் குழி, காம்பு உள்ளிழுப்பு, காம்பிலிருந்து இரத்தம் கலந்த கசிவு என எது தெரிந்தாலும், சென்ற மாதத்து ரிப்போர்ட்டை ஒதுக்கிவைத்துவிட்டு அந்த வாரமே அறுவைச் சிகிச்சை மருத்துவரிடம் காட்டுங்கள்.