ரப்பர் தேனில் ரப்பர் பூ எங்கே?

கேள்வி: ஐயா, மார்த்தாண்டத்து உறவினர் மூலம் ரப்பர் தேன் இரண்டு கிலோ வாங்கினேன். தேனில் கிடக்கும் மகரந்தத்தை வைத்து எந்தப் பூவின் தேன் என்று சொல்லிவிடலாம் என்று படித்திருந்ததால், தாவரவியல் படிக்கும் என் மகளிடம் கொஞ்சம் கொடுத்தேன். தென்னை இருக்கிறது, தொட்டாற்சுருங்கி இருக்கிறது, ரப்பர் மட்டும் இல்லை என்கிறாள். ஏமாந்துவிட்டேனா?
- வாசகர், திருநெல்வேலி

பதில்: உங்கள் மகள் சரியாகத்தான் பார்த்திருக்கிறாள். அதற்காகத் தேன் கொடுத்தவரைத் திட்ட வேண்டாம். இதே குழியில் நானும் விழுந்தவன்தான்.

கல்லூரியில் தாவரவியல் ஆய்வகத்தில் வேலை பார்த்த காலத்தில், குலசேகரம் பக்கம் தேன் பெட்டி வைத்திருந்த ஒரு பெரியவர் கொடுத்த தேனைச் சோதித்தேன். 10 கிராம் தேனை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, சென்ட்ரிஃபியூஜ் என்கிற வேகமாகச் சுழலும் இயந்திரத்தில் சுற்றி, அடியில் தங்கிய வண்டலை ஒரு சொட்டு கண்ணாடித் தகட்டில் வைத்தேன். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் நான்கு நான்காக ஒட்டிக்கொண்ட குட்டிக் குட்டி மணிகள்தான் எங்கும். தொட்டாற்சுருங்கி! நடுநடுவே, நீளவாக்கில் ஒரே ஒரு கீறலோடு கோதுமை மணி மாதிரி தென்னை மகரந்தம். “இது தொட்டாற்சுருங்கித் தேன்” என்று பெரியவரிடம் போய்ச் சொன்னேன்.

அவர் சிரிக்கக்கூட இல்லை. பக்கத்து மரத்தின் தாழ்ந்த கிளையை வளைத்து ஒரு இளம் இலையைக் காட்டினார். ரப்பர் இலை மூன்று சிற்றிலை கொண்டது. அந்த மூன்றும் காம்பில் சேருகிற இடத்தில் பளபளவென்று ஒரு துளி. “நக்கிப் பாரும்” என்றார். இனித்தது.

விஷயம் அவ்வளவுதான். ரப்பர் தேனில் பெரும்பகுதி பூவிலிருந்து வருவதில்லை, தளிரில் சுரப்பது. டிசம்பர், ஜனவரியில் இலை உதிர்ந்து புதுத்தளிர் விடும்போதுதான் அங்கே தேன் காலம். பூவுக்குள் நுழைந்தால்தானே மகரந்தம் உடம்பில் ஒட்டும், தேனில் விழும்? இலைக்காம்பில் உறிஞ்சுகிற தேனீக்கு அந்த வேலையே இல்லை. தென்னையும் தொட்டாற்சுருங்கியும் அது மகரந்தத்துக்காகத் தனியாகப் போய்வந்த இடங்கள். தொட்டாற்சுருங்கி மணி மிகச் சிறியது, அதனால் எண்ணிக்கையில் எல்லாரையும் அமுக்கிவிடும்.

பொதுவாக ஒரே செடியின் மகரந்தம் 45 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அந்தச் செடியின் தேன் என்பார்கள். 1978-இல் லூவோ, மௌரிசியோ, ஃபோர்வோல் என்ற ஆய்வாளர்கள் மூவரும் வகுத்துக் கொடுத்த முறையை ஒட்டித்தான் இன்றும் எண்ணுகிறார்கள். ஆனால் எல்லாச் செடிக்கும் அதே கணக்கு ஒத்துவராது. ஆரஞ்சுத் தேனில் ஆரஞ்சு மகரந்தம் குறைவாகத்தான் கிடைக்கும். ரப்பரில் அதைவிட மோசம்.

இன்னொன்று கேளுங்கள்: தேனை இயந்திரத்தில் சுற்றி எடுத்தாரா, அடையைக் கையால் பிழிந்தாரா? பிழிந்தால் அடையில் சேமித்த மகரந்தமும் தேனில் கலந்துவிடும், எண்ணிக்கைக்கு அர்த்தமே போய்விடும்.

மகளிடம் ஒரு வேலை சொல்லுங்கள். அடுத்த பிப்ரவரியில் மார்த்தாண்டம் போய், பெட்டியைச் சுற்றிப் பூத்திருக்கிற எல்லாவற்றிலும் மகரந்தம் எடுத்து, பெயர் எழுதித் தகடு செய்து வைத்துக்கொள்ளட்டும். புத்தகப் படத்தை வைத்து வேலமரத்துக்கும் வாகைக்கும் சண்டை போட்டு நான் வீணாக்கிய மாதங்கள் அவளுக்கு மிச்சமாகும்.

கேள்வி: மகரந்தம் இருந்தால் கலப்படமில்லாத தேன் என்று நம்பலாமா?
- வாசகி, தேனி

பதில்: கூடாது. சர்க்கரைப் பாகு குடித்த தேனீயும் மகரந்தம் சுமக்கும். கலப்படத்துக்குச் சோதனையே வேறு.