புண்ணாக்கை மணந்து பார்த்துவிட்டு விலகும் பசு

கேள்வி: ஐயா, நான் மட்டக்களப்பு வெல்லாவெளிப் பக்கம். எங்கள் ஜேர்சி கலப்புப் பசு இரண்டாம் கன்று போட்டு ஐந்து கிழமை. ஆறு லீற்றர் கறந்தது, இப்போது மூன்றரைதான். தேங்காய்ப் புண்ணாக்கும் தவிடும் கரைத்து வைத்தால் வாளியை மணந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. புல், வைக்கோல் தின்கிறது. இரண்டு கிழமைக்கு முன் வயிற்றுப் பூச்சி மருந்தைப் புண்ணாக்கில் கலந்து வைத்தேன், குடித்தது. அன்று மத்தியானம் கலியாண வீட்டில் மிஞ்சிய சோறும் நிறையவே தின்றது. மறுநாள் கழிச்சல், பிறகு சுகம். கடையில் பசி தூண்டும் பவுடர் இரண்டு வகை இருக்கிறது. எதை வாங்கலாம்?

பதில்: தங்கச்சி, இரண்டையும் வாங்க வேண்டாம். பசியில்லாத மாடு வைக்கோலைத் தின்னுமா? உங்கள் பசுவுக்குப் பசி இருக்கிறது, அந்த வாளி மட்டும்தான் வேண்டாம். எந்தப் பவுடர் என்று கேட்பதை விட, அது ஏன் வேண்டாம் என்கிறது என்று கேட்டிருக்க வேண்டும்.

அதற்கு முன் இரண்டு விஷயம். கன்று போட்ட ஐந்தாம் கிழமையில் தீவனத்தை ஒதுக்கிப் புல்லை மட்டும் தின்னும் கறவைக்குக் கீற்றோசிஸ் இருக்கலாம், அதாவது தீவனச் சக்தி போதாமல் உடம்புக் கொழுப்பு கரைவதால் வரும் நோய். அரச மிருக வைத்தியரிடம் சொல்லி இன்றைக்கே சிறுநீரைச் சோதியுங்கள். அடுத்தது, புண்ணாக்குச் சாக்கின் அடிவரை கையை விட்டுப் பாருங்கள். மாரி மழையில் ஈரம் பிடித்துக் கட்டியாகி, பூஞ்சணம் மணந்தால், பசு செய்தது சரி. அந்தச் சாக்கைக் கோழிக்கும் போடாதீர்கள். பூஞ்சண நஞ்சு பாலிலும் இறங்கும்.

இவை இரண்டும் இல்லையென்றால், போகிறபோக்கில் எழுதினீர்களே கலியாண வீட்டுச் சோறு, அங்கேதான் விஷயம் இருக்கிறது. அவ்வளவு சோறு ஒரேயடியாக உள்ளே போனால் வயிறு புளித்துக் கழியும். கழிச்சல் வந்தது பெரும்பாலும் சோற்றால்தான். ஆனால் பழி விழுந்தது புண்ணாக்கின் மேல். சோறு அதற்குப் பழகிய சாமான். அன்றைக்குப் புதிதாக நாக்கில் பட்டது மருந்துக் கசப்பு ஏறிய புண்ணாக்கு. வயிறு கெட்டால் மிருகத்தின் மூளை முதலில் சந்தேகப்படுவது புதிய ருசியைத்தான்.

அமெரிக்க உளவியலாளர் ஜோன் கார்சியா 1955 இல் எலிகளுக்குச் சக்கரின் என்ற செயற்கை இனிப்பைக் கரைத்த தண்ணீரைக் கொடுத்து, கதிர்வீச்சால் சுகமில்லாமல் ஆக்கினார். அதன்பின் அவை அந்த இனிப்பை ஒதுக்கின. 1966 இல் இன்னொன்றும் தெரிந்தது. வயிற்று நோயை எலி ருசியோடு முடிச்சுப் போடுகிறது, வெளிச்சத்தோடும் சத்தத்தோடும் அல்ல. மின்சாரம் தாக்கினால் வெளிச்சத்துக்கும் சத்தத்துக்கும் பயப்படுகிறது, ருசிக்கு அல்ல. அதனால்தான் சொல்கிறேன், கயிற்றை இழுத்து முகத்தை வாளிக்குள் அமுக்காதீர்கள், தடியால் தட்டாதீர்கள். அந்த வலியால் உங்களைக் கண்டு பயப்படுமே தவிர, புண்ணாக்கின் மேல் விருப்பம் வராது.

அமெரிக்காவில் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஃபிரெட் புரொவென்சாவும் அவரோடு இருந்தவர்களும் செம்மறிக் குட்டிகளுக்கு மணமூட்டிய வைக்கோலைக் கொடுத்து, அதே நேரம் இரைப்பைக்குள் நேராக மாச்சத்தைச் செலுத்தினார்கள். நாக்குக்கு அந்த மாச்சத்து தெரியாது. இருந்தும் குட்டிகள் பிறகு அந்த மண வைக்கோலையே தேடித் தின்றன. ஒவ்வொரு வாய்க்கும் வயிறு பின்னால் இருந்து விலை போடுகிறது. மூளை அந்த விலையை வைத்துக்கொண்டு அடுத்த முறை தெரிவு செய்கிறது. 2006 இல் பதோவா-ஸ்கியோப்பா, அசாத் என்ற மூளை ஆய்வாளர்கள் குரங்குகளுக்கு இரண்டு பானங்களைக் காட்டி, குறைவாகப் பிடித்ததன் அளவைக் கூட்டிக்கொண்டே போனார்கள். ஓர் அளவுக்கு மேல் குரங்கு மனம் மாறியது. கண்ணுக்கு மேலே, நெற்றிப் பக்கத்து மூளையில் சில நரம்புக் கலங்கள், எந்தப் பானம் என்பதைப் பார்க்காமல், அந்தக் குரங்குக்கு அது எவ்வளவு பெறுமதி என்பதற்கேற்பவே துடித்தன. உங்கள் பசுவின் கணக்கில் புண்ணாக்கின் பெறுமதி இப்போது வைக்கோலுக்கும் கீழே.

பவுடர் விற்பவர் இந்தக் கணக்கைத் தொடுவதே இல்லை. வாசனையால் மூடப் பார்க்கிறார். மாடு நாலு நாள் நக்கும், பிறகு பவுடரையும் சேர்த்து ஒதுக்கும், நீங்கள் அடுத்த பைக்கற்றுக்குப் போவீர்கள். மாட்டைக் கண்ணால் பாராமல், என்ன தின்றது என்று கேளாமல் கல்லாவில் இருந்தே பசி மருந்து எடுத்துத் தருகிற கடைக்குத் திரும்பப் போகாதீர்கள்.

எத்தனை தரம் சொன்னாலும் உங்கள் படுவான்கரைப் பக்கத்து ஊர்களில் மருந்தைத் தீவனத்தில் கலப்பது நிற்கவில்லை. மருந்து முழுதாக உள்ளே போனதா என்று தெரியாது, அதோடு மாட்டுக்கு நல்ல சாப்பாட்டின் மேல் இருந்த நம்பிக்கையும் போகும். பூச்சி மருந்தை வாயால்தான் பருக்க வேண்டும். தலையை அண்ணாந்து தூக்காமல், மூக்கு கண் மட்டத்துக்கு மேல் போகாமல், கடைவாயில் மெல்ல மெல்ல விடுங்கள். அவசரப்பட்டால் நெஞ்சுக்குள் போய்விடும். எத்தனை நாள் பாலை விற்கக் கூடாது என்று போத்தலில் இருக்கும், அதையும் பாருங்கள்.

இப்போது செய்ய வேண்டியது இதுதான். பத்து நாளைக்குப் புண்ணாக்கை நிறுத்துங்கள், வாளியையும் மாற்றுங்கள். அதுவரை சோளமாவும் தவிடும் கொஞ்சமாக, உலர்வாக வையுங்கள். புரதத்துக்கு வேலியில் நிற்கும் கிளிரிசிடியா மரத்தின் இலை இருக்கிறது. காய்ந்த இலையில் ஏறத்தாழ 20 வீதம் புரதம். பழகாத மாடு பச்சை இலையின் மணத்துக்கு விலகும், ஆனால் முதல் நாள் வெட்டி வாட விட்டால் தின்னும். கன்றையும் பக்கத்தில் கட்டுங்கள், தாயைப் பார்த்துப் பழகும். பிறகு, நல்ல புண்ணாக்கில் ஒரு பிடி. தின்னும் இன்னொரு மாட்டின் பக்கத்தில் வைத்துக் கொடுங்கள். பட்டினி போட்டுவிட்டு வைக்காதீர்கள், ஐந்து கிழமைக் கறவைக்குப் பட்டினி ஆகாது. ஒரு பிடியைத் தின்று வயிறு நன்றாக இருந்தால் மூளை தானாக விலையைத் திருத்தும். இரண்டு கிழமையில் பழைய அளவுக்குக் கொண்டுவாருங்கள். அந்த இரண்டு கிழமைக்குள் வேறு புதிய தீவனம் எதையும் கொட்டிலுக்குள் கொண்டுபோகாதீர்கள், கலியாண வீட்டுச் சோறு உட்பட.