கோச்ச மாத்துனா கப்பு வந்துருமாண்ணே?

இந்த வாரம் வந்த கேள்வில முக்காவாசி கோச் பஞ்சாயத்துதான். கபடின்னா கூட சரி, திருமங்கலத்துல இருந்து ஒரு தம்பி ரக்பி லீக் பத்தி நாலு பக்கம் எழுதிருக்காப்ல. நாலையும் போட எடம் இல்ல, வெட்டிருக்கேன், கோவிச்சுக்காதீங்க.

அண்ணே, எங்க மாமா பையன் சிட்னில ஹோம்புஷ் பக்கம் இருக்கான். அவன் பேச்சக் கேட்டு நானும் வெஸ்ட்ஸ் டைகர்ஸ் ரக்பி லீக் டீமுக்கு ரசிகனாயிட்டேன், எல்லாம் என் நேரம். 2022, 2023, 2024 மூணு வருசமும் கடைசி எடம். எங்க குடும்ப வாட்ஸப்ல இப்ப மூணு கட்சி. மச்சான், பழைய ஹீரோ பென்ஜி மார்ஷலே கோச்சா இருக்கட்டும்ங்கிறான். அவன் மாமனாரு, தலை நரைச்ச அனுபவஸ்தனக் கொண்டாங்கிறாரு. நான், வேற டீமுக்கு ஜெயிச்சுக் குடுத்த ஆளத் தூக்கிட்டு வாங்கங்கிறேன். நீங்க எந்தக் கட்சி?
— தோத்தே பழகுனவன், திருமங்கலம்

மொதல்ல, மதுர ஜில்லால டைகர்ஸுக்காக கண்ணு கலங்குற ஒரு ஆளு இருக்கீங்களே, அதுக்கே ஒங்களுக்கு ஒரு ஜிகர்தண்டா வாங்கித் தரணும். வெளாட்டு தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி சொல்லிர்றேன். பக்கத்துக்கு 13 பேரு, பந்தக் கையில வச்சுக்கிட்டு முன்னால ஓடணும், ஆனா கையால பாஸ் போட்டா பின்னாலதான் போடணும், எதிராளி பிடிச்சுக் கவுப்பான், ஆறு தடவ பிடிபட்டா பந்து அவிங்களுக்குப் போயிரும், கோட்டத் தாண்டி பந்தத் தரையில வச்சுட்டா 4 புள்ளி. தொடை பிடி, கணுக்கால் பிடின்னு பாத்து வளந்த நம்ம பயலுகளுக்கு அஞ்சு நிமிசத்துல பிடிபட்டுரும். கடைசி எடத்துக்கு வர்ற டீமுக்கு அங்க 'மரக்கரண்டி'னு பட்டம் குடுக்குறாய்ங்க. நம்ம ஊரா இருந்தா அதுக்கும் நாலு ரோட்டுல ஃப்ளெக்ஸ் வச்சிருப்போம்.

இப்ப பஞ்சாயத்துக்கு வருவோம். தம்பி, நீங்க மூணு பேரும் சொல்ற மூணு வைத்தியத்தையும் அந்த டீம் ஏற்கனவே பாத்துருச்சு. அதான் எனக்கு சிரிப்பும் வருது, பாவமாவும் இருக்கு.

மாமனாரு கட்சிய எடுத்துக்குவோம். டைகர்ஸ் ஒரே ஒரு தடவதான் கப்பு அடிச்சுருக்கு, 2005ல, ஃபைனல்ல நார்த் குயின்ஸ்லாந்த 30-16னு முடிச்சாய்ங்க. அப்ப கோச்சு டிம் ஷீன்ஸ். அவர 2012 சீசன் முடியவும் வீட்டுக்கு அனுப்பிட்டு, பத்து வருசம் கழிச்சு அவர் வீட்டுக் கதவையே திருப்பித் தட்டி 2023க்கு கோச்சா உக்கார வச்சாய்ங்க. அவருக்குக் கீழ அசிஸ்டென்ட் யாருன்னா ஒங்க மச்சானோட ஹீரோ பென்ஜி மார்ஷல், 2005 ஃபைனல்ல 20 வயசுல ஆடி, திரும்பிப் பாக்காமலேயே ஒரு பாஸ் போட்டு ஊரையே எந்திரிச்சு நிக்க வச்ச பய. பெரியவரு ரெண்டு வருசம் ஓட்டணும், அப்புறம் சாவிய சின்னவரு கையில குடுக்கணும்னு ஏற்பாடு. கேக்க எவ்வளவு நல்லாருக்கு, கல்யாணப் பத்திரிக்கை மாதிரி. ஆனா 2023லயும் கடைசி எடம், பெரியவரு ஒரே வருசத்துல கெளம்பிட்டாரு, மார்ஷல் பழகி முடிக்கிறதுக்குள்ள சாவி அவரு கையில விழுந்துருச்சு.

அடுத்து ஒங்க கட்சி. ஜெயிச்ச ஆளு வேணும்ங்கிறீங்க. மைக்கேல் மகுவயர் யாரு? 2014ல சவுத் சிட்னிக்கு கப்பு வாங்கிக் குடுத்துட்டுதான் 2019ல டைகர்ஸுக்கு வந்தாரு. 2022ல சீசன் பாதில 'நீ போலாம்'னுட்டாய்ங்க. போன மனுசன் 2024ல நியூ சவுத் வேல்ஸ் மாநில டீமுக்கு, குயின்ஸ்லாந்து மாநிலத்தோட மோதுற ஸ்டேட் ஆஃப் ஆரிஜின் தொடர ஜெயிச்சுக் குடுத்தாரு, 2025ல பிரிஸ்பேன் ப்ராங்கோஸ் கூட கப்பே அடிச்சுட்டாரு. அவருக்கு முன்னால இருந்த ஐவன் க்ளியரி, 2018 முடியவும் பென்ரித் டீமுக்குப் போனாரு, 2021ல இருந்து 2024 வரைக்கும் நாலு வருசம், நாலு கப்பு, வரிசையா. இதுல இன்னொரு கூத்து, அந்த பென்ரித்தே 2015ல அவர வேணாம்னு அனுப்புனதுதான், அப்புறம் திருப்பிக் கூப்ட்டுக்கிட்டாய்ங்க. தப்பு பண்ணிட்டோம்னு ஒத்துக்கிட்டு கூப்புடுறதுக்கும் ஒரு மனசு வேணும்ல.

ஆக, ரெண்டு பேரும் ஒங்க வீட்டு அடுப்புல சமைச்சப்ப மட்டும் உப்புக் கரிச்சுதா? ஒரு புரோட்டாக் கடைல மாஸ்டர மாத்திக்கிட்டே இருக்காங்க, புரோட்டா மட்டும் வறட்டி மாதிரியே வருதுன்னா, நான் மாஸ்டரப் பத்திக் கேக்க மாட்டேன், மாவு மூட்டை வாங்கிப் போடுறது யாருன்னு கேப்பேன். ரக்பி லீக்ல ஆளுகளுக்குக் குடுக்குற மொத்த சம்பளத்துக்கு ஒரு உச்சவரம்பு இருக்கு, பணத்தக் கொட்டியெல்லாம் எல்லாரையும் வாங்கிற முடியாது, அதனால எவன எவ்வளவு வருசத்துக்கு எவ்வளவு குடுத்து எடுக்குறோம், சின்னப் பயலுகள்ல எவன விட்டுறக் கூடாதுங்கிறதுதான் அங்க பாதி ஆட்டம். பென்ரித்துல அந்த ஏரியா பயலுகளையே சின்னதுலருந்து வளத்து மேல கொண்டாந்தாய்ங்க. டைகர்ஸ்ல பாருங்க, லாக்லன் கால்வின்னு 19 வயசுப் பய, டீமோட எதிர்காலமே இவன்தான்னு இருந்தவன், 2025 பாதி சீசன்ல புல்டாக்ஸுக்குப் போயிட்டான். இதுக்கு எந்தக் கோச்சு வந்து என்ன பண்ணுவாரு?

நீங்க விடமாட்டீங்க, எந்தக் கட்சின்னு சொல்லியே ஆகணும். நான் ஒங்க மச்சான் கட்சி. அவரு ஹீரோங்கிறதுக்காக இல்ல, ஹீரோவா ஆடுனவன் நல்ல வாத்தியாரா இருப்பான்னு எந்தச் சட்டமும் இல்ல. அந்தக் கால்வின் போனதுக்கு அப்புறமும் 2025ல டீம் மரக்கரண்டி வாங்காம தப்பிச்சுச்சே, பென்ரித்துல கப்பு மேல கப்பு பாத்த ஜரோம் லுவாய் மாதிரி ஒருத்தன் ஒரு தோத்த டீமுக்கு வரச் சம்மதிச்சானே, அதுக்காக. மொளச்ச செடிய வேர் பிடிச்சுருக்கான்னு பிடுங்கிப் பிடுங்கிப் பாத்தா எப்டி தம்பி. 2011க்கு அப்புறம் ப்ளேஆஃப் பக்கமே தல வச்சுப் படுக்காத டீமு, இன்னும் ரெண்டு வருசம் பொறுத்தா குடியா முழுகிரும்.

அப்புறம் ஞாயித்துக்கிழம அங்க நாலு மணி மேட்ச்சுன்னா நமக்குக் காலைல பதினொன்றரை, கறி கொதிக்கிற நேரம்னு எழுதிருந்தீங்க. தோத்தாலும் கறிச்சோறு இருக்குல்ல, சிட்னிக்காரனுக்கு அந்தக் குடுப்பினை கெடையாது.

ரக்பியும் ரக்பி லீக்கும் ஒண்ணுதானே?
— சும்மா கேட்டேன், வில்லாபுரம்

ஒண்ணா இருந்துச்சு, சம்பளப் பிரச்சினைல பிரிஞ்சுருச்சு. இங்கிலாந்துல வடக்குப் பக்கம் சுரங்கத்துலயும் மில்லுலயும் வேல பாத்த ஆளுக சனிக்கெழம மேட்ச்சுக்குப் போனா அன்னிக்குக் கூலி போயிரும். போன கூலியவாவது குடுங்கன்னு கேட்டாய்ங்க, தெக்க இருந்த தொரமாருக, வெளாட்டுக்குக் காசா, கேவலம்னுட்டாய்ங்க. வடக்குக் கிளப்பெல்லாம் 1895 ஆகஸ்ட் 29ல ஹடர்ஸ்ஃபீல்டுல ஒரு ஓட்டல்ல கூடி, போங்கடா நீங்களும் ஒங்க ஆட்டமும்னு தனியா வந்தாய்ங்க. நம்ம ஊர்ல ஹார்வி மில்லு சங்கு ஊத ஆரம்பிச்ச காலம்தான் அது. அதனால மதுரக்காரனுக்கு அந்த ஆட்டம் அப்டி ஒண்ணும் அந்நியம் இல்லன்னு நான் சொல்லுவேன். ரக்பில பக்கத்துக்கு 15 பேரு, ரக்பி லீக்ல 13 பேரு.

எங்க ஏரியா ரவுண்டானாலயே கபடிக்கு சிலை வச்சுருக்கோம். ஆனா ப்ரோ கபடில நம்ம தமிழ் தலைவாஸ் ஆட்டத்தப் பாத்தா அந்த சிலையே வெக்கப்படும் போல. ஒரு தமிழனக் கோச்சாப் போட்டா எல்லாம் சரியாயிரும்ணே, ஏன் போட மாட்டேங்கிறாய்ங்க?
— கொதிக்கிறேன், செல்லூர்

கொதிங்க, ஆனா கணக்கப் பாத்துட்டுக் கொதிங்க. 2024ல தஞ்சாவூர்க்காரரு தர்மராஜ் சேரலாதன் வந்தாரே, ஆட்டக்காரரா இருந்தப்ப பாட்னா டீமுக்குக் கேப்டனா கப்பு வாங்குன மனுசன், உதயகுமார் தலைமைக் கோச்சு, இவரு வியூகம் போடுற கோச்சு. சச்சின் தன்வர 2.15 கோடிக்கு எடுத்தாய்ங்க. அப்பவும் ப்ளேஆஃப் போகல. அடுத்த வருசம் சஞ்சீவ் பாலியான் வந்தாரு, பவன் ஷெராவத் வந்தாரு, பவன் பாதியிலயே டீம விட்டுப் போனாரு, அப்பவும் போகல.

2017ல இருந்து ஆடுறாய்ங்க, ஒரு தடவ நல்லா ஆடுனது எப்ப? 2022. அந்த வருசம் 2.26 கோடி குடுத்து எடுத்த பவன் மொத மேட்ச்சுலயே முட்டியப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டாரு. நம்மெல்லாம் டிவிய ஆஃப் பண்ணிட்டோம். சீசன் நடுவுல கோச்ச மாத்தி அஷன் குமாரக் கொண்டாந்தாய்ங்க. நரேந்தர்னு ஒரு சின்னப் பய பாடிப் போயி பாய்ண்ட் அள்ளிட்டு வந்தான், பின்னால சாகர், சாஹில்னு பிடிகாரனுக நின்னாய்ங்க, செமி ஃபைனல் வரைக்கும் போயி புனேகிட்ட ரெண்டே பாய்ண்ட்ல தோத்தோம். அன்னிக்கு எங்க தெருவுல ஒருத்தனும் கோச்சு எந்த ஊருன்னு கேக்கல.

இத வச்சு ஒருத்தரு கேப்பாரு, அப்ப கோச்ச மாத்துனதாலதானே அந்த வருசம் ஜெயிச்சோம், மேல திருமங்கலத்துத் தம்பிக்கு வேற மாதிரி சொன்னீங்களேன்னு. நியாயமான கேள்வி. மாத்துனது ஒதவுச்சு, இல்லைங்கல. ஆனா அதே அஷன் குமாரு அடுத்த சீசனும் இருந்தாரு, ப்ளேஆஃப் இல்ல. ஒரே கோச்சு, ஒரு வருசம் தங்கம், ஒரு வருசம் தகரம். தமிழன் வரணும்னு ஆசப்படுறீங்கன்னா எனக்கும் ஆசதான், டைம் அவுட்ல நம்ம பாசைல 'ஏலே கார்னர விட்டுட்டு ஏன்டா உள்ள வர்ற'னு ஒரு சத்தம் கேட்டா காதுக்குக் குளுகுளுன்னு இருக்கும். ஆனா டீம்ல பாதி ஆளு ஹரியானா, அவிங்களுக்கு யாரு மொழிபெயர்க்குறது, நீங்களா?

எங்க வீட்டுக்காரரு டீம் தோத்த அன்னிக்கு சாப்புட மாட்டேங்கிறாருங்க. கோச்ச மாத்துற வரைக்கும் ராத்திரிச் சோறு வேணாமாம். என்ன செய்றது?
— ஒத்தக்கடையிலிருந்து ஒரு சகோதரி

ரெண்டு நாளு சமைக்காதீங்கம்மா. மூணாவது நாளு கோச்சு மேல நம்பிக்கை வந்துரும்.

எங்க ஊரு கபடி டீம் இந்தப் பொங்கலுக்கு மொத ரவுண்டுலயே வெளிய. கேப்டனோட தாய்மாமனையே கோச்சாப் போடலாம்னு கமிட்டில பேச்சு. ஆளு பழைய பிளேயர்தான். போடலாமாண்ணே?
— மேலூர் பக்கத்துலருந்து, ஊர்ப் பேரு வேணாம்

ஊர்ப் பேரு வேணாம்னது புத்திசாலித்தனம். நானும் எங்க ஊருப் பேரச் சொல்லாம ஒரு கதை சொல்றேன்.

எங்க டீம்ல ஒரே வருசத்துல மூணு கோச்சு. மொதல்ல ரிட்டயர் ஆன ஒரு போலீஸ்காரரு, கம்மாக்கரைய பத்து சுத்து ஓட விடுவாரு, பயலுக ஓடியே களச்சுப் போயி மேட்ச்சுக்கு வந்து படுத்துருவாய்ங்க. அப்புறம் ஒரு பி.டி. வாத்தியாரு, நல்ல மனுசன், ஆனா அவரு விசில எடுத்தாலே பயலுகளுக்கு ஸ்கூல் ஞாபகம் வந்து சுவரேறிக் குதிக்கப் பாப்பாய்ங்க. மூணாவதா வந்தவரு அந்தக் காலத்து சடுகுடு ஆளு, ஒரு காது பிஞ்சுருக்கும். வந்த அன்னிக்கு ஒண்ணே ஒண்ணு கேட்டாரு, 'ஏழு பேர் பேர நாந்தான் எழுதுவேன், சரியா?' கமிட்டி ஒருத்தர் மூஞ்ச ஒருத்தர் பாத்துக்கிட்டுச்சு. ஏன்னா எங்க ஊர்ல தெருவுக்கு ஒரு ஆளுன்னு கணக்கு. ஜெர்சிக்குக் காசு குடுத்த தெருவுக்கு ரைட் கார்னர் எழுதிக் குடுத்த மாதிரி. அந்தத் தெருப் பயலுக்கு முட்டி வலி, குனியவே மாட்டான். நெடுமரமா நிப்பான், வர்றவன் எல்லாம் அவனத் தொட்டுட்டு டாட்டா காட்டிட்டுப் போவான். 'அது முடியாதுய்யா, பயிற்சிய மட்டும் நீங்க பாருங்க'ன்னாரு தலைவரு. மனுசன் துண்ட ஒதறித் தோள்ல போட்டாரு, ஒரு டீயக் குடிச்சாரு, பக்கத்து ஊருக்குப் போயிட்டாரு. அடுத்த பொங்கலுக்கு அவிங்க எங்க ஏழு பேரையும் மொத்தமா காலி பண்ணிப் போட்ட லோனாவ எண்ணுறத ஸ்கோர் எழுதுறவனே பாதில விட்டுட்டான். திருமங்கலத்துத் தம்பியோட டைகர்ஸ் கதையப் படிக்கையில எனக்கு அந்தப் பிஞ்ச காதுதான் கண்ணுல வந்து நின்னுச்சு.

அதனால ஒங்க தாய்மாமன் விசயத்துல, தாராளமாப் போடுங்க. வெளில இருந்து ஒருத்தரக் கூட்டியாந்தா பஸ்சு, சாப்பாடுன்னு செலவு, இவரு வீட்லருந்து நடந்து வந்துருவாரு. ஆனா போடுறதுக்கு முன்னால கமிட்டில ரெண்டு விசயத்தப் பேசி முடிச்சுருங்க. ஒண்ணு, ஆளப் பொறுக்குறது அவரு, காசு வசூலிக்கிறது வேற ஆளு, ரெண்டும் ஒரே கையில இருக்கக் கூடாது. இன்னொண்ணு, சாயங்காலம் ஆறு மணிக்கு பயலுக கிரவுண்டுக்கு வர முடியுமான்னு பாருங்க, பாதிப் பேரு லோடு ஏத்தப் போயிருப்பான், அவன் வரலைங்கிறதுக்காக கோச்ச வையக் கூடாது.

அப்புறம் ஒரு சின்ன ப்ராக்டிஸ் மேட்ச்சு வைங்க. மருமகன் மூணு தடவ பாடிப் போயி மூணு தடவையும் மாட்டட்டும். மாமன் அவன வெளிய உக்கார வைக்கிறாரான்னு பாருங்க. வச்சாருன்னா அடுத்த பொங்கல் வரைக்கும் அவருதான் கோச்சு. வைக்கலைன்னா எனக்கு ஒரு கடுதாசி போடுங்க, அந்தப் பக்கத்து ஊரு அட்ரஸ் தர்றேன், காது பிஞ்சவரு இன்னும் அங்கதான் இருக்காரு.