எகிப்திய மம்மியின் நெஞ்சில் வண்டுத் தாயத்து வைத்தது மறுபிறப்புக்காகவா?

பாதி சரி. சாண உருண்டையைத் தள்ளிப்போகும் வண்டை, சூரியனைத் தள்ளிவரும் கெப்ரி தெய்வமாக எகிப்தியர்கள் கண்டார்கள். மண்ணுக்கடியில் இருக்கும் உருண்டைக்குள்ளிருந்து புது வண்டு வெளிவருவதால் மறுபிறப்பும் அதோடு ஒட்டிக்கொண்டது. ஆனால் மம்மியின் நெஞ்சில் வைத்த பெரிய வண்டுக்கு வேலையே வேறு: சாட்சியின் வாயை அடைப்பது.

சாட்சி, செத்தவரின் சொந்த இதயம்தான். மூளையை மூக்கு வழியாக எடுத்துப் போட்டுவிடுவார்கள். ஈரல், நுரையீரல், இரைப்பை, குடல் நான்கும் தனித்தனி ஜாடிக்குப் போகும். இதயத்தை மட்டும் உடலுக்குள்ளேயே விடப் பார்ப்பார்கள். புத்தியும் நினைவும் அதில்தான் என்பது நம்பிக்கை. செத்தவரை விசாரிக்கும் ஒசைரிஸ் தெய்வத்தின் சபையில் தராசின் ஒரு தட்டில் இதயம், மறு தட்டில் உண்மையின் தெய்வமான மாஅத்தின் இறகு. செய்த தப்பையெல்லாம் இதயம் உளறிவிட்டால், முதலைத் தலை கொண்ட அம்மித் என்ற பூதம் அதை விழுங்கிவிடும். அதன்பிறகு மறுவாழ்வு கிடையாது.

அதனால்தான் வண்டின் தட்டையான அடிப்பக்கத்தில் ‘இறந்தோர் நூல்’ என்ற மறுவுலக மந்திரத் தொகுப்பின் 30பி மந்திரத்தைச் செதுக்கினார்கள். தாய் தந்த நெஞ்சே, எனக்கு எதிராகச் சாட்சி சொல்ல எழாதே என்று கெஞ்சும் மந்திரம் அது. செய்முறையும் அங்கேயே இருக்கிறது: பச்சைக் கல், பொன் கட்டு, வெள்ளி வளையம், வைக்கும் இடம் கழுத்தருகே. நடைமுறையில் செர்பென்டைன், பசால்ட் கற்கள், ஃபயான்ஸ் என்ற பளபளப்புப் பூச்சுள்ள சுட்ட பொருள் என்று கிடைத்ததில் செய்தார்கள். நீளம் பெரும்பாலும் 4 முதல் 10 செ.மீ. இடம் போதாமல் மந்திரத்தைச் சுருக்கியதும் உண்டு. பட்டறையில் முன்கூட்டியே செய்துவைத்து விற்றதால், பெயருக்கு விட்ட இடம் காலியாகவே புதைக்கப்பட்டவையும் உண்டு. பேர் போடாத மனு யாருக்காக வாதாடுமோ!

பழைய மாதிரிகளில் முக்கியமானது 17ஆம் வம்சத்து மன்னர் சோபெகெம்சாஃபின் வண்டு. இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. பச்சை ஜாஸ்பர் கல், மனித முகம், பொன் பீடம். எழுத்து வெட்டு கரடுமுரடுதான். ஆனால் பறவை வடிவ எழுத்துகளைக் கவனியுங்கள்: கால்களே இருக்காது. கல்லறைக்குள் அவை உயிர்பெற்று நடமாடித் தீங்கு செய்யக்கூடாதென்ற முன்னெச்சரிக்கை.

நீளவாக்கில் துளையிட்ட 1–2 செ.மீ. மாக்கல் வண்டுகளை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அவை உயிரோடிருந்தவர்கள் முத்திரையாகவும் மோதிரத்திலும் பயன்படுத்தியவை. அதில் மன்னர் மூன்றாம் துட்மோஸின் அரியணைப் பெயரான மென்கெப்பெரே இருந்தால், அவர் காலத்தது என்று உடனே முடிவு கட்டவும் முடியாது. அவர் இறந்து பல நூற்றாண்டு கழித்தும் அந்தப் பெயரை வெட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். சிறகு விரித்த ஃபயான்ஸ் வண்டு பிற்காலத்தது: உடல் ஒன்று, சிறகு இரண்டு, மூன்றையும் ஓரத் துளைகள் வழியாக மம்மியின் மேல் தைத்துவிடுவார்கள்.