அட்லஸ் அந்துப்பூச்சியின் புழு வளர்ப்பு: கேள்வி பதில்

எங்கள் கொய்யா மரத்தில் மாவு பூசினாற்போல் ஒரு பெரிய புழு. அட்லஸ்தானா அண்ணா? தொடலாமா? (வால்பாறை)

முதுகில் சதைப்பற்றான முட்களும், பின்கால் பக்கம் ஆரஞ்சு நிற அடையாளமும் இருந்தால் அட்லஸ்தான். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இருப்பது அட்டகஸ் டாப்ரோபானிஸ் என்ற இனம். தொட்டால் அரிக்காது. ஆனால் மிரண்டால் நாற்றமடிக்கும் திரவத்தைப் பீய்ச்சும், முகத்தருகே கொண்டுபோக வேண்டாம். வீட்டு மரத்துப் புழு என்பதால் சரி. காப்புக்காட்டிலிருந்து எதையும் எடுத்து வராதீர்கள்.

கொய்யா தீர்ந்துவிட்டது, எலுமிச்சை கொடுக்கலாமா?

அட்லஸ் கொய்யா, எலுமிச்சை, இலவங்கப்பட்டை மர இலை எல்லாம் தின்னும். ஆனால் ஒன்றில் பழகிய புழு, பாதியில் இலையை மாற்றினால் பட்டினி கிடந்தே செத்துப்போகலாம். அதே மரத்து இலையையே தேடுங்கள். மருந்தடித்த தோப்பு இலை மட்டும் வேண்டவே வேண்டாம். கிளையைத் தண்ணீர் பாட்டிலில் செருகினால் வாயைப் பஞ்சால் அடைத்துவிடுங்கள், குட்டிப் புழுக்கள் தண்டு வழியே இறங்கி மூழ்கிவிடும்.

நேற்றிலிருந்து தின்னவே இல்லை, அசையவும் இல்லை. நோயா சார்?

பெரும்பாலும் தோலுரிப்புதான். அதிகம் புழு சாவது இந்த இடத்தில், அதுவும் நம் கையால். இலையிலோ தண்டிலோ மெல்லிய பட்டு விரித்து, அதில் கால்களைப் பூட்டிக்கொண்டு தலையைத் தூக்கியபடி புழு நிற்கும். உற்றுப் பாருங்கள்: பழைய தலை ஓட்டுக்குப் பின்னால் புதுத் தலை புடைத்திருக்கும். அந்தப் பட்டுப் பிடிமானத்தில்தான் பழைய தோல் சிக்கி நிற்க, புழு முன்னே நகர்ந்து வெளியே வருகிறது. இலை வாடிவிட்டதே என்று பிய்த்து எடுத்து வேறு இலையில் வைத்தால் பிடிமானம் போய், தோல் பாதியில் இறுகிவிடும். அப்புறம் காப்பாற்றுவது கஷ்டம். ஒன்றிரண்டு நாள் ஆகட்டும், விட்டுவிடுங்கள். வாடிய இலையோடு சேர்த்து அந்தக் கிளைத்துண்டை அப்படியே புதுக் கிளையில் கட்டினால் போதும். உடம்பு தளர்ந்து தொங்கி, கழிச்சல் தண்ணீராகப் போனால்தான் நோய். அதை உடனே பிரித்து வையுங்கள், பெட்டியில் நெரிசலையும் குறையுங்கள்.

கூட்டிலிருந்து அந்துக்குப் பதில் ஈ வந்தது!

புழுவாக இருக்கும்போதே ஒட்டுண்ணி ஈ முட்டையிட்டிருக்கும். உங்கள் பராமரிப்பில் குறையில்லை. அடுத்த முறை முட்டையிலிருந்தோ குட்டிப் பருவத்திலிருந்தோ வலைக்குள் வைத்து வளர்த்தால் பெருமளவு தவிர்க்கலாம்.

வந்த அந்துக்கு இறக்கை சுருங்கியே இருக்கிறது. தேன் வைக்கலாமா அக்கா?

வேண்டாம். அட்லஸுக்குத் தின்னும் வாயே வளர்ச்சியடையாது. புழுவாக இருந்தபோது சேர்த்த கொழுப்பில் ஒன்றிரண்டு வாரம் வாழும், அவ்வளவுதான். கூட்டை விட்டு வந்ததும் ஏறித் தொங்கினால்தான் இறக்கை விரியும். வழவழப்பான பிளாஸ்டிக் டப்பாவில் ஏற முடியாது. கூட்டை வலைக்கூண்டில் தொங்கவிடுங்கள், கீழே ஒரு சாண் இடமாவது இருக்கட்டும். காற்று வறண்டிருந்தால் கூட்டின் மேல் லேசாகத் தண்ணீர் தெளியுங்கள். இறக்கை நன்றாகக் காய்ந்தபின், இருட்டியதும், புழு கிடைத்த மரத்தருகிலேயே விடுங்கள். பெண்ணாக இருந்தால், வெளியே வந்த அன்றிரவே மணம் விட்டு ஆணை அழைக்கத் தொடங்கிவிடும். போட்டோ எடுப்பதற்காக நாள் கடத்தாதீர்கள்.